குறி வைத்த நோட்டு

சம்பங்கி காகிதத்துக்கு ஆசைப்பட்டுக் குடியைக் கெடுத்துக்கொண்டான் என்று லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்கு இருக்கிறது, பேசுவார்கள். அவன் ஆசைப்பட்டது ஒரு படத்துக்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற படம். அதைப் பார்ப்பதற்காக வைத்திருந்தேன் என்று அவன் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாததுகூடப் பெரிதில்லை, சிரித்தார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவனுக்குச் சொந்த ஊர் குடியாத்தத்துக்கு அந்தாண்டை. தங்கவயலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்த கூட்டத்தோடு இருபது வயதில் வந்தான். வந்தவன் சுரங்கத்தில் இறங்கினானா என்றால், இறங்கினான், ஒரே ஒரு ஷிஃப்ட். ஆளை இறக்குகிற கேஜ் கீழே போகும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டவன், மேலே வந்ததும் சுரங்க வாய் ஓரமாக வாந்தி எடுத்துவிட்டு, “செத்தாலும் வெளிச்சத்துல சாவறேன், என்ன வுட்டுடுங்க” என்று சொல்லிவிட்டான். அப்பன் பார்த்த வேலை கையில் இருந்தது. துணி வெளுக்கப் போனான்.

நந்திதுர்க் சுரங்கம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வெள்ளைக்கார மேஸ்திரிகள் தங்குகிற லைன் ஒன்று இருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம், விடுங்கள். கல்யாணம் ஆகாதவர்களும், பெண்டாட்டியைச் சீமையில் விட்டு வந்தவர்களுமாகப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு அறைத் துணியும் சம்பங்கிக்கு. சுரங்கத் துணி என்றால் சாதாரணமா? கல்மாவு, வேர்வை, தொப்பியில் சொருகின மெழுகுவத்தி உருகி வழிந்த கறை. இதையெல்லாம் இரண்டு கழுதைமேல் ஏற்றிப் பேத்தமங்களா ஏரிக்குக் கொண்டுபோய், வெள்ளாவி வைத்து, அடித்து, அலசி, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, சனிக்கிழமை மத்தியானம் அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். கூடவே அவன் பெண்டாட்டி வெங்கடம்மா. அக்காள் மகளைத்தான் கட்டியிருந்தான், அதனால் அவளுக்கு அவன் எப்போதும் மாமாதான்.

துணி மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு அறைக்கும் ஒரு குறி. சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தோய்த்து, காலர் உள்பக்கம் கடுகளவில் வைப்பது. வைத்தால் வைத்ததுதான், துணி கிழிந்தாலும் குறி போகாது. முதல் அறைக்கு ஒற்றைப் புள்ளி, மூன்றாம் அறைக்குப் பிறை, எட்டாம் அறைக்கு மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும். இந்தக் குறியெல்லாம் சம்பங்கிக்கும் வெங்கடம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுச் சலவைக்காரனுக்கே புரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் குறி.

எட்டாம் அறையில் இருந்தவர் வால்டர் துரை. இங்கிலாந்தில் கார்ன்வால் சீமைக்காரர். நாற்பத்தைந்து வயதுக்குள் பூமியில் எங்கெல்லாம் குழி தோண்டுகிறார்களோ அங்கெல்லாம் போய் வந்தவர். ஒவ்வொரு ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் கடைசிச் சம்பளத்தில் ஒரு நோட்டைச் செலவழிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வாராம். அப்படிச் சேர்ந்தது, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தது, அமெரிக்காவில் இருக்கிற தம்பி கடிதத்தில் வைத்து அனுப்பியது என்று பதின்மூன்று நோட்டு ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

தங்கவயலுக்குக் கரண்டு வந்த வருஷம் பெய்த மழையில் லைன் கூரை ஒழுகி, அந்தப் புத்தகம் இருந்த அவருடைய தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சனிக்கிழமை துணி கொண்டுபோன சம்பங்கி, துரை கட்டிலில் உட்கார்ந்து கையில் ஒரு ஈரக் கட்டியை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்தான். பதின்மூன்று நோட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இருந்தது. பிரிக்கப் போனால் கிழியும். சம்பங்கி என்ன ஏது என்று கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கினான். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்துப் பார்த்தான்.

“இது காயிதம் இல்ல தொரை” என்றான். “துணி.”

வால்டர் துரை அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “சரி சம்பங்கி! பழைய துணி. பழைய துணி அரைச்சுத்தான் நோட்டு பண்றான்” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

சம்பங்கிக்கு மயிர்க்கூச்செடுத்தது. உலகத்துத் துட்டெல்லாம் எவனோ கட்டிக் கிழித்த துணி! அப்படியென்றால் அதை எவனோ ஒருத்தன் எங்கேயோ ஒரு ஏரியில் அடித்துத் துவைத்திருப்பான். கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான். கஞ்சி கிடையாது, நீலம் கிடையாது. ஈரமான மல்துணிக்குள் வைத்துக் காத்திருந்து, மூங்கில் சிம்பால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆறின இஸ்திரிப் பெட்டியால் மேலே துணி போட்டு ஒற்றி எடுத்தான். மூன்று நாள் வேலை. பதின்மூன்றும் பிழைத்தன. மூலைகூட மடங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் மூன்று நாளும் அவன் அந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறானே! சர்க்கார் நோட்டை அவன் முன்னமே பார்த்ததுண்டு. வெள்ளைக் காகிதத்தில் பச்சையாய்க் கொஞ்சம் பூவேலை, மேலே கருப்பு எழுத்து, பின்பக்கம் வெறுசு. “பின்னாடிப் பக்கத்துக்கு மை தீந்து பூட்ச்சா?” என்று கிண்டல் செய்வான். இங்கிலாந்து நோட்டு அதைவிட மோசம், துவைத்து விரித்த வேட்டி, ஓரத்தில் கொஞ்சம் எழுத்து. ஆனால் மற்ற நோட்டுகள்! அப்பப்பா. ஒன்றில் இவ்வளவு பெரிய எருமை, கொம்பும் பிடரியுமாக, இப்போதே முட்ட வருகிற மாதிரி. அது அமெரிக்கா நோட்டு. இன்னொன்றில் முறுக்கு மீசை ராஜா. ஊருக்குப் போன ஓர் இத்தாலிக்காரன் கொடுத்தது. ஜப்பான் நோட்டு ஒன்று, அதில் தொந்தி பெருத்த சாமி நெல்மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, கீழே எலிகள். சம்பங்கி அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “தும்பிக்கைய மட்டும் போட மறந்துட்டான்” என்று அவனுக்கு வருத்தம்.

படத்தைவிட அவனைக் கட்டிப் போட்டது ஓரத்து வேலைப்பாடு. ஒரு கோடு கிளம்பி, சுற்றி, வளைந்து, தன்மேலேயே ஏறி இறங்கி, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாமல் ஓடுகிறது. முன்பு பங்களாத் துணி எடுத்த நாளில் வெள்ளைக்காரிகளின் லேஸ் பாவாடை எத்தனையோ பிடித்து அலசியிருக்கிறான், இப்படி ஒரு பின்னலைக் கண்டதில்லை. சனிக்கிழமைதோறும் எட்டாம் அறைத் துணியைக் கடைசியாகக் கொண்டுபோக ஆரம்பித்தான். துரையும் புரிந்துகொண்டு புத்தகத்தைத் திறப்பார். சம்பங்கி கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்ப்பான். வாரம் ஒரு நோட்டு. இரண்டு கேட்கமாட்டான்.

பதின்மூன்றில் ஒன்றை மட்டும் அவன் அடிக்கடி கேட்டான். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர் பேங்க் அடித்த நோட்டு. நாலு மூலையிலும் நூறு என்று எண். நடுவே மலை, மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றங்கரையில் மூன்று பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஒருத்தி துணியை ஓங்கியிருக்கிறாள், ஒருத்தி பிழிகிறாள், ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். முதல் தடவை பார்த்தபோது சம்பங்கி நோட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். “தொரை, இது எங்க ஜனம்” என்றான். “காசுல எங்க ஜனத்தப் போட்டுக்கீறான்!”

அடுத்த வருஷம் சித்திரையில் வால்டர் துரை தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டிரான்ஸ்வாலுக்குக் கிளம்பினார். போயர் சண்டை முடிந்து அங்கே சுரங்கமெல்லாம் மறுபடி திறந்துவிட்டதாம். கிளம்புகிற அன்றைக்குக் கடைசித் துணியை வாங்கிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து அந்த நோட்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“எனக்கா?” என்றான் சம்பங்கி.

“உனக்கு. இந்த பேங்க் முழுகிப்போச்சு. இதுல ஒண்ணும் வாங்க முடியாது. பாக்கலாம். அவ்வளவுதான்.”

அறையில் வேறு யாரும் இல்லை. அதுதான் வினை.

வீட்டில் வெங்கடம்மா நோட்டைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “மாத்துனா எவ்ளோ வரும் மாமா?”

“ஒண்ணும் வராது.”

“அப்பால இன்னாத்துக்கு இத்த வாங்கினு வந்த?”

“பாரேன் அத்த.”

பார்த்தாள். பார்த்துவிட்டு, “துணிய இப்டியா புடிச்சி ஓங்கறது? கரை கிழிஞ்சிடும். சொல்லிக் குடுக்க ஆளு இல்ல போல” என்றாள். இடுப்பில் கை வைத்து நிற்கிறவளுக்குத் தன் ஓரகத்தி பெயரை வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்கும் அந்த நோட்டைப் பிடித்துப்போயிற்று. துவைக்கிற துறை படத்தில் இருப்பதால் வீட்டில் அதற்குத் துறை நோட்டு என்று பெயர். “தொறை நோட்ட எடு மாமா, ஒரு வாட்டி பாத்துட்டு அடுப்பு மூட்டறன்” என்பாள்.

சம்பங்கி செய்த காரியம் ஒன்றுதான். ஒரு நாள் சேங்கொட்டை எடுத்து வைத்துக் குறி போட்டுக்கொண்டிருந்தவன், கையோடு கையாக நோட்டின் பின்பக்க மூலையிலும் மூன்று புள்ளி வைத்துக் கீழே ஒரு கோடு இழுத்தான். துரை கொடுத்தது என்ற ஞாபகம் அதிலேயே இருக்கட்டும் என்று. எழுதத் தெரிந்தவனாக இருந்தால் பெயரை எழுதியிருப்பான். அவனுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். பாவி மனுஷன், வேறு என்ன செய்வான்?

ஆவணி மாதம் கம்பெனி கேட்டில் ஒரு துணி மூட்டையைப் பிரித்தபோது, மெத்தை உறைக்குள் பாதரசம் கலந்த தங்கக் கட்டி ஒன்று வைத்துத் தைத்திருந்தது. மூட்டை சம்பங்கியுடையது இல்லை. வேறு யாருடையதோ, அவன் அன்றைக்கே ஓடிவிட்டான். ஆனால் தங்கம் துணியோடு போகிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதாதா? மறுநாள் காலையில் சலவைக்காரர் குடிசையெல்லாம் சோதனை. சம்பங்கி குடிசையில் தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை. இஸ்திரி மேஜைக்குக் கீழே தட்டையான ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் வெள்ளைத் துணியில் சுற்றின நோட்டு இருந்தது.

கம்பெனிக் காவலுக்குத் தலைவர் ஒரு துரை. அவர் ஆபீசில் சம்பங்கியைத் தரையில் உட்கார வைத்தார்கள். இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவே நின்றவர் ஆபீஸ் ரைட்டர் ஜெயகரன். கோயிலுக்குத் தவறாமல் போகிற, ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவும் ஒரு கஷ்டம்தான், குறை சொல்ல ஒருத்தன் கிடைத்தாலாவது மனசு ஆறும்.

“இது எப்படி உன்கிட்ட வந்துச்சுன்னு கேக்கறார்” என்றார் ஜெயகரன்.

“எட்டாம் ரூம்பு வால்டர் தொரை குடுத்தாருங்க.”

“எதுக்குக் குடுத்தாரு?”

“பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கா?”

“அழகா கீதுங்க. எனக்குப் புடிக்கும்னு அவருக்குத் தெரியும். அதான் குடுத்தாரு.”

ஜெயகரன் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தார். துரை சிரித்ததைப் பார்த்து, ஒரு வார்த்தையும் விளங்காமல் வாசலில் நின்ற இரண்டு காவலாளிகளும் சிரித்தார்கள். சம்பங்கிக்குக் காது மடல் சுட்டது. அவன் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

துரை மூன்று விரலை மடக்கிக் காட்டிச் சொன்னதை ஜெயகரன் தமிழில் சொன்னார். திருட்டுத் தங்கம் வாங்குகிறவன் கூலியாகக் கொடுத்திருந்தால் கேஸ் பெரிசு, வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். வால்டர் துரை அறையிலிருந்து எடுத்திருந்தால் திருட்டு. கோலார் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள், ஆறு மாசம் ஜெயில் ஆகும், குடிசையைக் காலி செய்துகொண்டு குடும்பம் தங்கவயலைவிட்டே போக வேண்டும். நிஜமாகவே கொடுத்தது என்றால் வீட்டுக்குப் போகலாம். எது?

“குடுத்ததுதாங்க” என்றான் சம்பங்கி. “இந்தப் பேங்கு முழுகிப்போச்சு, ஒண்ணும் வாங்க முடியாதுன்னு சொல்லித்தாங்க குடுத்தாரு. நீங்க அவரையே கேளுங்க.”

கேட்பதற்கு வால்டர் துரை எங்கே இருக்கிறார்? கடல் தாண்டி. விலாசம் ஆபீசில் இல்லை. கடிதம் எழுதிப் பார்க்கலாமே என்று ஜெயகரன் பணிவாகத்தான் சொன்னார். போக இரண்டு மாசம், வர இரண்டு மாசம், அதுவரை இவனை வைத்துச் சோறு போடுவது யார் என்று துரை கேட்டார். பேங்க் முழுகியிருந்தால் நோட்டுக்கு மதிப்பு இல்லையே, மதிப்பில்லாததை ஏன் திருட வேண்டும் என்றும் ஜெயகரன் சொல்லிப் பார்த்தார். அதற்கும் துரையிடம் பதில் இருந்தது. “நூறு என்று போட்டிருப்பதைப் பார்க்கிற திருடனுக்கு பேங்க் முழுகினது எப்படித் தெரியும்? இப்போது யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.” சரியான கேள்விதான், என்ன செய்ய? மெய்யைவிட அது மெய்யாக இருந்தது.

அப்போதுதான் துரை நோட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

சம்பங்கி வாயைத் திறந்துவிட்டான். அது வால்டர் துரை குறி, அவர் கொடுத்ததற்கு அதுவே அத்தாட்சி என்று சொல்ல வந்தான். மனசுக்குள் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. ஜெயகரன் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது. ஜெயகரனின் காலர் உள்பக்கமும் ஏதோ ஒரு சலவைக்காரன் வைத்த குறி இருக்கிறது அல்லவா? அவருக்கு உடனே விளங்கிவிட்டது. காகிதங்களை ஒழுங்குபடுத்துகிற மாதிரி குனிந்து, தாழ்ந்த குரலில், “சம்பங்கி, பாத்துப் பேசு. குறி யாருதோ, பொருளும் அவருதுன்னு ஆயிடும்” என்றார்.

சம்பங்கிக்கு வேர்த்தது. உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்கிற இடமா இது? பழக்கமில்லாத நாக்கால் அவன் பொய்யை எடுத்தான்.

“அது குறி இல்லீங்க. சும்மா, மை தெறிச்சது.”

மூன்று புள்ளியும் ஒரு கோடும் தெறிக்குமா? காவல் துரை முட்டாள் இல்லை. தம்முடைய சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் குறி இருந்தது. இதை யார் படிப்பார்கள் என்று கேட்டார். வேறு சலவைக்காரன் படிக்க மாட்டான், குறி வைத்தவன் வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும் என்று ஜெயகரன் சொல்ல வேண்டியதாயிற்று. இவன் வீட்டில் வேறு யார் என்று துரை கேட்டார்.

“பொஞ்சாதிங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றான் சம்பங்கி. அதுவும் பொய். அவனே தடுமாறுகிற குறியை அவள் இருட்டில் தடவிப் பார்த்துச் சொல்லுவாள்.

ஆள் போயிற்று. வெங்கடம்மா வருவதற்குள் அவனை மூலைக்கு நகர்த்தி உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்தால் பார்த்துக்கொள் என்று ஒரு காவலாளி தடியை அவன் தோளுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டான். எப்படியாவது அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று சம்பங்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணால் எவ்வளவு சொல்ல முடியும்? தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல். ஒரே வார்த்தை.

அவள் வந்தாள். தலையை வாரி முடிந்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னால் துரைமார்கள் விட்டுவிடுவார்கள் என்று யாரோ புண்ணியவான் சொல்லி அனுப்பியிருந்தான். வந்தவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பயப்படாதே, நான் வந்துவிட்டேன் என்கிற பார்வை. அவன் கண்ணைச் சிமிட்டித் தலையை அசைத்ததை அவள் அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயகரன் நோட்டை நீட்டினார். “இது இன்னான்னு தெரியுமாம்மா?”

“தெரியாம இன்னாங்க? தொறை நோட்டு.”

“துரை நோட்டா?”

“ஆமாங்கய்யா. எங்க ஊட்ல அத்த அப்டித்தான் சொல்லுவோம்.”

துணி துவைக்கிற துறையும் வெள்ளைக்காரத் துரையும் நம் வாயில் ஒன்றுபோலத்தானே விழுகிறது! ஜெயகரன் கேட்டபடி எழுதினார். துரையுடைய நோட்டு. அவர் கை எழுதுகிறது, மூலையில் சம்பங்கிக்கு அது விளங்குகிறது. “அய்யா, அது வேற...” என்று எழுந்தவனைத் தடி அழுத்தி உட்கார வைத்தது.

“பின்னாடி இருக்கறது இன்னா?”

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். கிட்டப் பார்க்கக்கூட இல்லை. “எட்டாம் ரூம்பு குறிங்க. வால்டர் தொரையோடது. மூணு புள்ளி ஒரு கோடு. எங்க மாமாதான் போட்டாரு, நான் பக்கத்துலதான் குந்தினு இருந்தன். அந்தத் தொரைதாங்க குடுத்தாரு. தங்கமான மனுசன்.”

“துரை குடுக்கும்போது நீ பாத்தியா?”

“நான் எங்கங்க பாத்தன், ஊட்ல இருந்தன். மாமா வந்து சொன்னாரு.”

காவல் துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஜெயகரன் அதைத் தமிழில் சொன்னார். “உங்க சொந்தத் துணிக்கு இன்னா குறி போடுவீங்கன்னு கேக்கறார்.”

வெங்கடம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதுகூடத் தெரியாத துரை! “எங்க துணிக்கு எதுக்குங்க குறி? குறி இல்லாததுதான் எங்களுது. குறி போட்டா அது அடுத்தவங்களுது, திருப்பிக் குடுக்கணும்.”

சம்பங்கி தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து வருஷமாக ஒரு கைக்குட்டைகூட மாறிப் போகாமல் காப்பாற்றின குறி. கேட்கத் தெரிந்த கேள்வியைத்தான் துரை கேட்டார், தெரிந்த பதிலைத்தான் அவள் சொன்னாள், ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவனாகவே போய்த் திருடியிருந்தால்கூட இத்தனை வசமாக மாட்டியிருக்க மாட்டான். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. கேஜில் நின்று கீழே போன அன்றைக்கு மூடிக்கொண்ட மாதிரியே கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஜெயகரன் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். அவள் சொன்னது அப்படியே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றாள். கைநாட்டு வைக்கச் சொன்னார். வெங்கடம்மா கட்டை விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தாள். வெறும் கருப்புத் திட்டு விழுந்தது. சவுக்காரத்திலும் உவர்மண்ணிலும் ஊறின விரலில் ரேகை ஏது? எல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

துரை உதட்டைச் சுழித்தார். மறுபடியும் வைக்கச் சொன்னார் ஜெயகரன். அவள் சேலைத் தலைப்பில் விரலை அழுத்தித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்தாள். அதுவும் சரியாக விழவில்லை. நம்மால் காரியம் கெட்டுவிடப் போகிறதே என்று அவளுக்குப் பதற்றம். “இருங்க இருங்க, இந்தக் கை நல்லா கீது” என்று இடது கையை நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மேஜைமேல் உடம்பையே சாய்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். எடுத்தபோது ஓரத்தில் இரண்டு மூன்று ரேகை தெரிந்தது.

“இப்ப நல்லா வுழுந்துச்சாய்யா?”

“விழுந்துச்சும்மா” என்றார் ஜெயகரன்.

அவள் பெருமூச்சு விட்டு, மைபட்ட விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே மூலைக்கு வந்தாள். தடியைப் பிடித்திருந்த காவலாளியைக் கொஞ்சம் நகரு என்று கையால் காட்டிவிட்டு, குனிந்து சம்பங்கியின் தோளில் இருந்த தூசியைத் தட்டினாள்.

“அவ்ளோதான் மாமா. எல்லாம் சொல்லிட்டன்” என்றாள். “எழுந்திரு, ஊட்டுக்குப் போலாம்.”